குலசாமி மரமும் சட்டப்படி சாட்சிதான்! பழநி மலைப் பளியர்களின் பண்பாட்டைக் காப்பது எப்படி?

கொடைக்கானல் ஏரியில் படகுச் சவாரி முடிச்சாச்சு. அடுத்து எங்கே என்று மேப்பைத் திறந்தால், நாயுடுபுரம் பக்கம் ஒரு ரவுண்டு காட்டும். செட்டியார் பூங்கா, அதை ஒட்டிப் போனால் குறிஞ்சி ஆண்டவர் கோயில். பனி விலகிய நேரமாக இருந்தால், கோயிலில் நின்றபடியே தூரத்தில் பழநி மலையைப் பார்க்கலாம். நாலு செல்ஃபி, ஒரு சூடான சோளம், அவ்வளவுதான். வண்டி கிளம்பிவிடும்.

அந்தக் கோயிலின் பெயரில் இருக்கும் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். கடைசியாகப் பூத்தது 2018-ல். அடுத்த பூப்பு 2030-ல். அந்தப் பூ எத்தனை முறை பூத்தது என்று எண்ணி வயதைக் கணக்கிட்ட மக்கள் இந்த மலைகளில் இருந்தார்கள் என்று சொல்வார்கள். அவர்கள்தான் பளியர்கள்.

கொடைக்கானலில் சுற்றுலாப் பயணி கடந்துபோகும் பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். நாயுடுபுரம், செட்டியார் பூங்கா, கோக்கர்ஸ் வாக், பிரையன்ட் பூங்கா. சமவெளியில் இருந்து வந்தவர்கள், கடல் தாண்டி வந்தவர்கள் என எல்லோர் பெயரும் ஏதாவது ஒரு பலகையில் இருக்கிறது. இவர்களுக்கெல்லாம் முன்பே இந்த மலையில் இருந்தவர்களின் பெயர்தான் சுலபத்தில் கண்ணில் படாது.

‘பழங்குடிப் பண்பாட்டைக் காப்பாற்ற வேண்டும்’ என்று மேடையில் சொல்லாதவர்கள் கிடையாது. ஆனா, எதைக் காப்பாற்றுவது? பாட்டையா, ஆட்டத்தையா, தேன் எடுக்கும் கயிற்றையா? இதற்குப் பலரும் எதிர்பார்க்காத ஓர் இடத்தில் பதில் இருக்கிறது. அது 2006-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டம்.

சரி, யார் இந்தப் பளியர்கள்?

திண்டுக்கல், தேனி, மதுரை, விருதுநகர் மாவட்டங்களின் மலைச்சரிவுகளிலும், எல்லை தாண்டி கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலும் வாழும் பழங்குடி மக்கள். பழநி மலையைப் பொறுத்தவரை தாண்டிக்குடி, பாச்சலூர், வடகவுஞ்சி சுற்றுவட்டாரம் என நடுமலைப் பகுதிகளில் இவர்களின் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன.

நெல்லோ தினையோ விதைத்து வாழ்ந்தவர்கள் அல்ல. காட்டில் கிடைப்பதைச் சேகரித்தும், சின்ன விலங்குகளை வேட்டையாடியும் வாழ்ந்தவர்கள். காட்டு வள்ளிக்கிழங்குதான் முக்கிய உணவு. மலைத்தேன் எடுப்பதில் கெட்டிக்காரர்கள். பளிச்சியம்மன், வனதேவதை, கன்னிமார் என இவர்களின் தெய்வங்கள் பெரும்பாலும் மரத்தடியிலும் பாறை இடுக்கிலும்தான் இருக்கும். கோபுரம் கிடையாது.

இவர்களைப் பற்றிய எழுத்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் பழையது. டாமென் என்ற பாதிரியார் பழநி மலைப் பளியர்களைப் பற்றி எழுதிய கட்டுரை, ‘ஆந்த்ரோபோஸ்’ என்ற மானுடவியல் இதழில் 1908-ல் வெளியானது. 1960-களின் தொடக்கத்தில் பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் பளியர்களோடு தங்கி ஆய்வு செய்தார்.

கார்ட்னரை ஆச்சரியப்படுத்தியது கிழங்கோ தேனோ இல்லை. இவர்கள் ஒருவரை ஒருவர் நடத்திய விதம். அதிகாரம் செலுத்தும் தலைவர் என்று யாரும் இல்லை. கணவன் மனைவி இருவரும் சமம். பிள்ளைகளை அதட்டி அடித்து வளர்ப்பதில்லை. யாரையும் ‘தரக்குறைவாக’ நடத்தக் கூடாது என்பது எழுதப்படாத விதி. இரண்டு பேருக்குள் சண்டை முற்றினால், ஒருவர் அந்த இடத்தைவிட்டே விலகிப் போய்விடுவார். அடிதடிக்கு அங்கே பெருமை கிடையாது.

ஆனா, ஒன்றை யோசித்துப் பாருங்கள். சண்டை வந்தால் விலகிப் போவது என்றால், விலகிப் போக இன்னொரு இடம் வேண்டும். காடு விரிந்து கிடந்த காலத்தில் அந்த வழக்கம் சுலபம். நாலு பக்கமும் எஸ்டேட் வேலி வந்த பிறகு?

பிரியாணியில் இருக்கும் காடு

பளியர்களின் அறிவு நமக்கு ரொம்ப தூரத்தில் இருக்கும் விஷயம் என்று நினைக்க வேண்டாம். பிரியாணி மசாலாவில் போடும் கல்பாசியை எடுத்துக்கொள்ளுங்கள். பழநி மலையில் மரப்பட்டைகளில் இருந்து அதைச் சுரண்டிச் சேகரிப்பவர்களில் பளியர்கள் முக்கியமானவர்கள். கடுக்காய், சீயக்காய், பூந்திக்கொட்டை, சீமாறு கட்டும் புல் என்று பட்டியல் நீளும். அண்ணாச்சிக் கடையில் பாக்கெட்டில் கிடைக்கும் பலதும் யாரோ ஒருவர் காட்டுக்குள் நடந்து எடுத்து வந்ததுதான்.

கிழங்கு தோண்டுவதிலும் ஒரு கணக்கு உண்டு. எந்தக் கொடி காய்ந்தால் கிழங்கு முற்றியிருக்கும், எதை வேகவைத்தால் போதும், எதன் கசப்பை எடுக்கத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். கொடியின் தலைப்பகுதியைக் கொஞ்சம் மண்ணிலேயே விட்டு மூடினால் அடுத்த மழைக்குத் திரும்பத் துளிர்க்கும். காட்டுக் கிழங்கை நம்பி வாழும் மக்களிடம் பரவலாக இருக்கும் பழக்கம் இது.

தேனுக்கும் அப்படித்தான். பாறை முகட்டில் கட்டும் மலைத்தேனீயின் கூட்டை எடுக்க, கொடியால் திரித்த கயிற்றில் இறங்க வேண்டும். மேலே கயிற்றைப் பிடிப்பது யார்? மேற்குத் தொடர்ச்சி மலையில் தேன் எடுக்கும் பழங்குடிகள் பலரிடம் இதற்கு ஒரே பதில்தான்: மச்சான். தன் தங்கச்சி தாலியை அறுக்க எந்த அண்ணனும் கயிற்றை விட மாட்டான் என்பது காரணம். ஒரு பாதுகாப்பு விதி, ஒரு உறவுமுறை, ஒரு தொழில் மூன்றும் ஒரே கயிற்றில் முறுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

இதில் எதுவும் புத்தகத்தில் இல்லை. கூடவே நடந்தால்தான் பிள்ளைக்கு வரும். காட்டுக்குள் போகிற பாதை மூடப்பட்டால், பத்து வருஷத்தில் அந்தப் பாடமும் மூடப்பட்டுவிடும். பேரன் பள்ளிக்கூடம் போவதால் மட்டும் இது மறப்பதில்லை. தாத்தாவே காட்டுக்குள் போகப் பயந்தால்தான் மறக்கிறது.

எப்போது மாறியது?

கொஞ்சம் ரிவைண்ட் பண்ணலாம்.

• 1821: ஆங்கிலேய ராணுவத்தைச் சேர்ந்த லெப்டினன்ட் வார்டு பழநி மலையை சர்வே செய்கிறார். மலை முதல்முறையாக கம்பெனியின் வரைபடத்துக்குள் வருகிறது.

• 1845: சமவெளியின் வெயிலும் காய்ச்சலும் தாங்காத அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டுகிறார்கள்.

• 1882: மெட்ராஸ் வனச் சட்டம். காடு ‘ஒதுக்குக் காடு’ ஆகிறது. அதுவரை சும்மா நடந்துபோன வழி, அனுமதி வாங்க வேண்டிய வழியாகிறது.

• நடுமலையில் காபித் தோட்டங்கள் பெருகின. அவற்றுக்குக் கூலியாட்கள் தேவைப்பட்டார்கள். காட்டுப் பொருட்களை எடுக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. எடுத்தவர்கள் பளியர்கள், விலை வைத்தவர்கள் குத்தகைதாரர்கள்.

• மேல்மலையில் சோலையும் புல்வெளியும் இருந்த இடத்தில் சீகை, யூகலிப்டஸ், பைன் மரங்கள் வந்தன. பழநி மலையின் புல்வெளி 40 ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. காரணம், இந்த மரத் தோட்டங்களும் விவசாயமும்.

• 2013: கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்படுகிறது. பரப்பு சுமார் 609 சதுர கிலோமீட்டர்.

இத்தனைக்கும் நடுவில் பளியர்கள் என்ன செய்தார்கள்? பல மாதம் எஸ்டேட்டில் கூலி வேலை, தேன் சீசனில் காடு. அங்கே ஒரு விதமாகவும் இங்கே ஒரு விதமாகவும் வாழப் பழகிக்கொண்டார்கள். இந்த இரட்டை வாழ்க்கையைத்தான் கார்ட்னர் 2000-ல் வெளியான தன் நூலில் அலசியிருந்தார். எஸ்டேட் சட்டை போட்டதும் காடு மறந்துபோய்விடவில்லை. காட்டுக் கதவு கொஞ்சமாவது திறந்திருந்தவரை அது நடந்தது.

மியூசியம் போதாதா? ஜி.ஐ. போதாதா?

‘காப்பாற்றுவது’ என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது மூன்று.

ஒன்று, மியூசியம். கொடைக்கானல் செண்பகனூரில் இயேசு சபையினர் நடத்தும் அருங்காட்சியகம் 1895-ல் தொடங்கியது. போய்ப் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனா, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த தோண்டுகோலால் யாரும் கிழங்கு எடுக்க முடியாது.

இரண்டு, மேடை. கேரளத்தின் குமுளி, தேக்கடி பக்கம் பளியர் நடனம் சுற்றுலாப் பயணிகளுக்காக மேடையேறுகிறது. ஆடுபவர்களுக்கு வருமானம், பார்ப்பவர்களுக்கு அறிமுகம். தப்பில்லை. ஆனா சாமிக்கு ஆடிய ஆட்டம் எந்த இடத்தில், எதற்காக ஆடப்பட்டது என்பது டிக்கெட்டில் வராது.

மூன்று, புவிசார் குறியீடு. அதாவது ஜி.ஐ. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் கிடைத்தது. அதற்கு விண்ணப்பித்தது கொடைக்கானலிலேயே இருக்கும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். அதே ஆண்டு பழநி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. விருப்பாச்சி மலை வாழைப்பழம் அதற்கு முன்பே வாங்கிவிட்டது. மலையின் பூண்டுக்கும் பழத்துக்கும் முத்திரை கிடைத்தாச்சு. ஆனா ஜி.ஐ. பாதுகாப்பது ஒரு பொருளின் பெயரை. அந்தப் பொருள் விளையும் இடத்தில் யார் கால் வைக்கலாம் என்பதை அது சொல்லாது.

பழங்குடி அறிவுக்கு மரியாதை செய்த முன்னுதாரணம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. அகத்தியமலையில் 1987-ல் காணி மக்கள் ஒரு செடியின் காயைத் தின்று களைப்பில்லாமல் நடப்பதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அந்த ஆரோக்கியப்பச்சையில் இருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து தயாரானது. திருவனந்தபுரத்தில் உள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம், உரிமக் கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதியைக் காணி மக்களின் அறக்கட்டளைக்குக் கொடுக்க முன்வந்தது. உலகமே பாராட்டிய ஏற்பாடு. ஆனா அங்கேயும் ஒரு சிக்கல் முளைத்தது: காட்டில் இருந்து அந்தச் செடியை எடுக்கவும் வளர்க்கவும் அனுமதி யாரிடம்? சுற்றிச் சுற்றிக் கேள்வி காட்டு வாசலில்தான் வந்து நிற்கிறது.

2006 சட்டம் என்ன சொல்கிறது?

வன உரிமைச் சட்டம், 2006. பழங்குடிகளுக்கும் பாரம்பரியமாகக் காட்டைச் சார்ந்து வாழும் மற்றவர்களுக்கும் ‘புதிதாக’ எதையும் தருவதாக இந்தச் சட்டம் சொல்லவில்லை. ஏற்கெனவே இருந்து மறுக்கப்பட்ட உரிமையை அங்கீகரிப்பதாகச் சொல்கிறது. முகவுரையிலேயே ‘வரலாற்று அநீதி’ என்று ஒப்புக்கொள்ளும் சட்டம் இது.

முக்கியமான அம்சங்கள் மட்டும்:

• குடியிருந்து பயிர் செய்யும் வன நிலத்துக்குத் தனிநபர் உரிமை, அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை. 2005 டிசம்பர் 13-க்கு முன்பே அந்த நிலத்தில் இருந்திருக்க வேண்டும்.

• சிறு வனப் பொருட்களைச் சேகரிக்க, பயன்படுத்த, விற்க உரிமை. சட்டத்தின் பட்டியலில் தேன், மெழுகு, மூலிகை, வேர், கிழங்கு எல்லாம் பெயர் சொல்லியே இருக்கின்றன.

• பல்லுயிர் வளம், பண்பாட்டுப் பன்மை தொடர்பான மரபறிவின் மீது சமூகத்துக்கு உரிமை.

• தங்கள் பண்பாட்டையும் இயற்கை மரபையும் கெடுக்கும் செயல்களில் இருந்து வாழிடத்தைக் காக்கும் அதிகாரம் கிராம சபைக்கு.

• வேட்டைக்கு மட்டும் அனுமதி இல்லை.

‘பண்பாடு’ என்ற சொல், நிலத்தைப் பற்றிய ஒரு சட்டத்துக்குள் இவ்வளவு நேரடியாக வருவது அபூர்வம். சட்டத்தைவிடச் சுவாரசியம் அதன் விதிகளில் இருக்கிறது.

பட்டா இல்லை, ரசீது இல்லை. அப்போ ஆதாரம்?

தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழ்ந்தவரிடம் போய் ‘டாக்குமென்ட் காட்டு’ என்றால் எதைக் காட்டுவார்? சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. அதனால், எதையெல்லாம் சாட்சியமாக ஏற்கலாம் என்று விதி 13-ல் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, அரசுப் பதிவேடுகள் இருக்கின்றன. கூடவே இவையும் இருக்கின்றன:

• புனித மரங்கள், தோப்புகள், குளங்கள்

• இடுகாடு, சுடுகாடு

• வேர், கிழங்கு, காட்டுப் பழம் சேகரிக்கும் பகுதிகள்

• மூலிகை வைத்தியர்கள் பயன்படுத்தும் பகுதிகள்

• வம்சாவளி

• வழக்காறுகளைப் பதிவு செய்த ஆய்வுகள்

• ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலம், எழுத்து வடிவில்

இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட சாட்சியத்தைப் பரிசீலிக்க வேண்டும். குறிப்பிட்ட ஓர் ஆவணத்தைக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று மேல்நிலைக் குழுக்கள் அடம்பிடிக்கக் கூடாது என்பதையும் 2012-ல் விதிகளைத் திருத்தியபோது சேர்த்துவிட்டார்கள்.

ஒரு உதாரணத்துக்கு, பத்துப் பதினைந்து வீடுகள் உள்ள ஒரு பளியர் குடியிருப்பை வைத்துக்கொள்வோம். பட்டா கிடையாது. ஆனா, ‘இந்த மரத்தடியில்தான் பளிச்சியம்மன், இந்த மேட்டில்தான் என் பாட்டனைப் புதைத்தோம், அந்தச் சரிவில்தான் மாசி பங்குனியில் கிழங்கு தோண்டுவோம், அந்தப் பாறையில் என் அப்பாவும் தேன் எடுத்தார்’ என்று ஒரு பாட்டியால் நடந்து போய்க் காட்ட முடியும். அந்த நடை சட்டத்தின் பார்வையில் வெறும் பழங்கதை இல்லை. சாட்சியம்.

இப்போது அதையே திருப்பிப் பாருங்கள். அந்தப் பாட்டி இறந்துபோகிறார். பேத்திக்கு அந்த மேடு எது என்று தெரியாது. பாறைக்குப் பெயர் இருந்ததே தெரியாது. நஷ்டம் ஒரு நினைவு மட்டுமா? அந்த ஊரின் உரிமைக்கான ஆதாரமும் சேர்ந்துதான் போகிறது.

காட்டுக்குள் போனால்தான் நினைவு தங்கும். நினைவு இருந்தால்தான் காட்டுக்குள் போகும் உரிமையை நிரூபிக்க முடியும். பழநி மலையில் பண்பாட்டுப் பாதுகாப்பு என்பதை இந்தச் சுற்றுக்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. இது அவசரமான வேலையாவதும் அதனால்தான்.

விண்ணப்பிப்பது எப்படி?

முதல் படி கிராம சபை. பஞ்சாயத்து அளவில் நடக்கும் பெரிய சபை இல்லை, குடியிருப்பு அளவிலேயே கூட்டலாம். பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். சபை 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். தனிநபர் உரிமைக்கு ஒரு படிவம், சமூக உரிமைக்கு ஒன்று, சமூக வன வளத்துக்கு ஒன்று என மூன்று படிவங்கள். குழு நேரில் போய்ச் சரிபார்த்து, சபை தீர்மானம் போட்டு, கோட்ட அளவிலான குழுவுக்கு அனுப்பும். கடைசி முடிவு ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவிடம்.

பேப்பரில் அழகாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் பலரும் தனிநபர் பட்டாவோடு நின்றுவிடுகிறார்கள். வீட்டடி நிலம் முக்கியம், சந்தேகமே இல்லை. ஆனா தேன் பாறையும் கிழங்குச் சரிவும் சாமி மரமும் வருவது சமூக உரிமைப் படிவத்தில்தான். பண்பாடு இருப்பதும் அந்தப் படிவத்தில்தான்.

தமிழ்நாட்டில் ஏன் இவ்வளவு தாமதம்?

சட்டம் 2006. விதிகள் நடைமுறைக்கு வந்தது 2008. அதே ஆண்டு, சட்டத்தை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. மனுக்களை வாங்கலாம், பரிசீலிக்கலாம். ஆனா உரிமைப் பத்திரம் கொடுப்பதற்கு முன் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அந்தத் தடை 2016-ல் உச்ச நீதிமன்றத்தில்தான் விலகியது. எட்டு ஆண்டுகள்! ஓர் இனத்தின் மூத்த தலைமுறைக்கு எட்டு ஆண்டு என்பது சின்னக் காலம் இல்லை.

2019 பிப்ரவரியில் இன்னோர் அதிர்ச்சி. மனு நிராகரிக்கப்பட்டவர்களை வனத்தில் இருந்து வெளியேற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்ப, அதே மாதக் கடைசியில் அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. ஒரு மனு சரியாகத் தயாரிக்கப்படாமல் தள்ளுபடியானால் என்ன ஆபத்து என்பதை அந்த இரண்டு வாரம் எல்லோருக்கும் காட்டிவிட்டது.

சரணாலயம் வந்தால் உரிமை போய்விடுமா?

பலரும் நம்பும் ஒரு தவறான தகவல் இது. வன உரிமைச் சட்டத்தில் ‘வன நிலம்’ என்ற சொல்லுக்குள் சரணாலயமும் தேசியப் பூங்காவும் அடக்கம். உரிமைகளைச் சரிபார்த்து அங்கீகரிக்கும் வேலை முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. ஆக, கொடைக்கானல் சரணாலயத்துக்குள்ளும் உரிமை கோரலாம்.

நடக்கிற காரியமா என்று கேட்டால், சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் இருக்கும் பிலிகிரி ரங்கசாமி மலையைப் பார்க்கலாம். புலிகள் காப்பகமான அந்தக் காட்டில் வாழும் சோளகர்கள், 2011-ல் சமூக வன உரிமையைப் பெற்றார்கள். புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் இப்படி உரிமை அங்கீகரிக்கப்பட்டது நாட்டிலேயே அதுதான் முதல்முறை. தங்கள் தெய்வத் தலங்கள், ஓடைகள், மேடுகளின் பெயர்களை வரைபடத்தில் குறித்த வேலை அவர்களுக்குப் பெரிய பலமாக இருந்தது. பாட்டியின் நடை அங்கே வரைபடமாகியது.

பட்டியலுக்குள் ஒரு சிக்கல்

தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் பளியர்களின் பெயர் மூன்று இடத்தில் வருகிறது. பல்லேயன், பல்லியன், பல்லியர் என ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கு ஏற்ப 30, 31, 32-வது பதிவுகள். தாங்கள் பளியர் என்று சொல்லும் மக்களுக்கு, அரசுக் காகிதத்தில் மூன்று பெயர்! சாதிச் சான்றிதழ் கிடைப்பது பல பழங்குடிக் குடும்பங்களுக்கு இன்றும் அலைச்சல்தான். அது இல்லாவிட்டால் வன உரிமை மனுவிலும் அடி விழும். ஏன்?

பழங்குடி என்று நிரூபித்தால், 2005-க்கு முன் அந்த நிலத்தில் இருந்ததைக் காட்டினால் போதும். இல்லாவிட்டால் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள் அங்கே காட்டைச் சார்ந்து வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். பழநி மலையிலேயே வாழும் புலையர் சமூகத்தின் நிலை இதுதான். மலையின் மூத்த குடிகளில் ஒன்றான அவர்கள், பட்டியல் சாதியினர் பட்டியலில் இருக்கிறார்கள். பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது அவர்களின் நீண்ட நாள் கோரிக்கை.

இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்கள்தான் தமிழ்நாட்டில் ‘குறிப்பாக எளிதில் பாதிக்கப்படக்கூடிய பழங்குடிகள்’ என்ற பிரிவில் வருகின்றன. 2023 நவம்பரில் தொடங்கிய மத்திய அரசின் ‘பிஎம் ஜன்மன்’ திட்டம் அந்தப் பிரிவினருக்கானது. பளியர்கள் அதில் இல்லை. தமிழ்நாடு அரசு 2024 பட்ஜெட்டில் பழங்குடி மொழிகளை ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் அறிவித்தது. நல்ல முயற்சி. தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் என்ற அந்தப் பட்டியலிலும் பளியர் பெயர் இல்லை.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பழங்குடிகள் 1.1 சதவிகிதம், சுமார் 7.95 லட்சம் பேர். அதில் பளியர்கள் ஒரு சின்னப் பகுதி. எண்ணிக்கை குறைந்தவர்களின் குரல் பட்டியலில் ஏறுவது கஷ்டம்.

அப்போ, என்ன செய்யலாம்?

பெரிய பெரிய விஷயங்களை விடுங்கள். கையில் இருக்கும் ஸ்மார்ட்போனில் இருந்தே தொடங்கலாம். ஜிபிஎஸ், குரல் பதிவு, கேமரா. ஒரு குடியிருப்பின் பெரியவர்களோடு அந்த ஊர் இளைஞர்களே நடந்துபோய், சாமி மரம், இடுகாடு, தேன் பாறை, கிழங்குச் சரிவு ஒவ்வொன்றையும் பெயரோடு பதிவு செய்தால், அது ஒரே நேரத்தில் பண்பாட்டு ஆவணம், வன உரிமை மனுவின் இணைப்பு, பிள்ளைகளுக்கான பாடம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அந்தப் பதிவு யாருடையது என்பதை ஊர்தான் முடிவு செய்ய வேண்டும். எந்தப் பாறையில் தேன், எந்த மூலிகைக்கு என்ன குணம் என்பதெல்லாம் ரீல்ஸில் போடும் சமாச்சாரம் இல்லை. வெளியில் போனால் அடுத்த வாரமே அங்கே வேறு யாராவது நிற்பார்கள்.

கொடைக்கானல் போகும் பயணிக்கும் பங்கு உண்டு. ‘ஹிட்டன் ஸ்பாட்’ என்று யாரோ லொகேஷன் ஷேர் பண்ணும் இடம் ஒரு குடியிருப்பின் இடுகாடாகவோ சாமி இருக்கும் இடமாகவோ இருக்கலாம். குடியிருப்புக்குள் போகும் முன் கேளுங்கள். போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். தேன் வாங்கினால், எடுத்தவர்களுக்குக் காசு போய்ச் சேரும் இடத்தில் வாங்குங்கள்.

2030-ல் குறிஞ்சி பூக்கும்போது நாயுடுபுரம் சாலையில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். நீல மலையை டிரோனில் படமெடுத்து எல்லோரும் ஸ்டேட்டஸ் போடுவார்கள். இன்று 70 வயதில் இருக்கும் ஒரு பளியர் பாட்டி அந்தப் பூப்பைப் பார்ப்பாரா தெரியாது. பார்த்தால், அது அவர் வாழ்நாளில் ஆறாவதாகவோ ஏழாவதாகவோ இருக்கும். அதற்குள் அவரோடு ஒருமுறை அந்தச் சரிவில் நடந்து, அவர் கை நீட்டும் இடங்களை எழுதிக்கொள்ள அவருடைய ஊருக்கு இன்னும் சில ஆண்டுகள்தான் இருக்கின்றன.